செட்டைக் கழற்றும் முன்பு

பழைய மியூசிகலை, அதாவது பாட்டாலேயே கதை சொல்லும் மேடை நாடகத்தை, மறுபடி மேடையேற்றுபவர்கள் செய்யும் முதல் தவறு, செட் குறைந்தால் வேலையும் குறையும் என்று நம்புவது. 1993இல் லண்டனில் 'சன்செட் பொலிவார்ட்' வந்தபோது மாடிப்படியோடு ஒரு மாளிகையே மேடையில் மேலே எழும்பும். 2023இல் அதே ஊரில் ஜேமி லாய்டு இயக்கியபோது மாளிகையும் இல்லை, படிக்கட்டும் இல்லை. ஆனால் பெரிய திரை, நேரடி கேமரா, புகை, ஓயாமல் மாறும் ஒளி எல்லாம் வந்தன. தச்சர்களின் பாரம் கேமராக்காரர்கள் தலையில் ஏறியது, அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிய தவறு, ஒரு பொருளை எடுத்துவிட்டு அது செய்துவந்த வேலையை மறப்பது. 1979இல் நியூயார்க்கின் நாடக அரங்கப் பகுதியான பிராட்வேயில், கொலைகார நாவிதனின் கதையான 'ஸ்வீனி டாட்' அரங்கேறியபோது, செட் வடிவமைத்த யூஜின் லீ நிஜமான இரும்பு வார்ப்பாலையின் பாகங்களை மேடையில் நிறுத்தினார். நாவிதன் கொன்ற உடல் நாற்காலியிலிருந்து கீழே சரியும். 2005இல் இயக்குநர் ஜான் டாயில் பத்து நடிகர்களை வைத்தே அதைப் போட்டார். வாத்தியங்களையும் அவர்களே வாசித்தார்கள். உடல் சரிய வழி இல்லை. அதற்குப் பதிலாக, ஒவ்வொரு கொலையின்போதும் ஒரு வாளியிலிருந்து இன்னொன்றுக்கு ரத்தம் ஊற்றப்படும். எனக்கு இதுதான் பாடம் போன்ற காட்சி: நாற்காலியின் வேலையை வாளி எடுத்துக்கொண்டது.

இசையிலும் இதே சிக்கல் உண்டு. பழைய மியூசிகல்களில் செட் நகரும் நேரத்தை நிரப்பவே எழுதிய இசைத்துண்டுகள் இருக்கும். நகர்த்த ஒன்றுமில்லாத மேடையில் அவற்றை அப்படியே வாசித்தால் நடிகர்கள் சும்மா நிற்க வேண்டியதுதான். ஒத்திகை தொடங்கும் முன்பே இசை இயக்குநரோடு உட்கார்ந்து, எதை வெட்டுவது, எதற்கு அசைவு அமைப்பது என்று பேசி முடித்துவிடுங்கள்.

அப்புறம் இன்னொரு தவறு, 'சிகாகோ' மியூசிகலைப் பார்த்து நகலெடுப்பது. அதன் 1996 மறு அரங்கேற்றத்தில் இசைக்குழு மேடையிலேயே உட்கார்ந்திருக்கும், செட் என்று பெரிதாக எதுவும் கிடையாது. அந்தப் பாடல்கள் வாடவில் எனப்படும், பாட்டும் ஆட்டமும் நகைச்சுவையும் தனித்தனித் துண்டுகளாக வரும் பழைய அமெரிக்க மேடை நிகழ்ச்சிகளின் பாணியில் எழுதப்பட்டவை என்பதால் அது பொருந்துகிறது. ஊரும் வீடும் முக்கியமான கதைக்கு அது உதவாது.

ஆடம்பர செட்டின் முக்கியமான தவறு ஒன்றுதான்: மெல்லிய பாட்டு ஓடும்போது பின்னால் ஏதாவது நகர்வது. கண் அங்கே போய்விடும், வரிகள் காதில் விழாது. 2008இல் நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் 'சவுத் பசிபிக்' போட்டவர்கள் பிரம்மாண்ட அசைவைத் தொடக்க இசைக்கே கொடுத்தார்கள். மேடைத்தளம் பின்வாங்க, கீழே 30 பேர் கொண்ட இசைக்குழு வாசித்துக்கொண்டிருக்கும். அப்போது மேடையில் யாரும் பாடவில்லை.