எரிமலை வெடிப்பின் வகையை இனங்காண்பது எப்படி?

எரிமலை என்றதும் செந்தணலாய் வழிந்தோடும் குழம்புதான் நம் கண்முன் வருகிறது. ஆனால், பெருமளவில் உயிர்களைப் பறித்தது அந்தக் குழம்பு அன்று. பெரும்பாலும் அதற்கு விலகி நடந்தே தப்பிவிடலாம். ஒரு வெடிப்பின் ஆபத்தை அறிய விரும்புபவர் முதலில் கவனிக்க வேண்டியவை, மாக்மாவின், அதாவது நிலத்தடியில் உருகிக் கிடக்கும் பாறைக்குழம்பின், கெட்டித்தன்மையும் அதில் அடைபட்ட வாயு வெளியேறும் விதமும் ஆகும்.

கெட்டித்தன்மையைத் தீர்மானிப்பது, மணலில் மிகுந்துள்ள சிலிக்கா என்னும் பொருள். பசால்ட் மாக்மாவில் அது ஏறத்தாழ 50 சதவீதமே என்பதால், குழம்பு இளகி ஓட, வாயு எளிதில் பிரிந்துவிடுகிறது. ரயோலைட் மாக்மாவிலோ 70 சதவீதத்தையும் தாண்டுவதால், முற்றிய பாகுபோல் இறுகி வாயுவை அடைத்துவைத்து, அழுத்தம் மிகும்போது தானே தூள்தூளாகச் சிதறுகிறது. நுரைக்கல் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள்: அதன் உடலெங்கும் உள்ள சிறு துளைகள் அந்த வாயுக்குமிழிகள் விட்டுச்சென்ற தடங்கள், அதனால்தான் அது நீரில் மிதக்கிறது.

அடுத்து வெளிப்படும் வடிவத்தைப் பாருங்கள். நீரூற்றுப்போல் குழம்பு எழுந்து ஆறாய் ஓடினால் அது ஹவாய் வகை. சிறு வெடிப்புகள் விட்டுவிட்டுத் தீத்துண்டுகளை வீசினால், அது இத்தாலியின் ஸ்ட்ராம்போலி தீவின் பெயரால் அழைக்கப்படும் ஸ்ட்ராம்போலி வகை. பீரங்கிபோல் அதிர்ந்து கரும்புகையைக் கக்குவது வல்கேனிய வகை. சாம்பல் தூண் பல பத்து கிலோமீட்டர் உயர்ந்து குடைபோல் விரிந்தால் அது பிளினிய வகை, கி.பி. 79இல் இத்தாலியின் வெசுவியஸ் மலை வெடித்ததை நேரில் கண்ட ரோமானிய எழுத்தாளர் இளைய பிளினி, அம்முகிலைப் பைன் மரத்துக்கு ஒப்பிட்டு எழுதிய கடிதத்தால் இப்பெயர் நிலைத்தது.

மிகவும் அஞ்ச வேண்டியது பெலே வகை. இதில் சூடான வாயுவும் சாம்பலும் கற்களும் ஒன்றாய்த் திரண்டு, மேலே எழாமல் சரிவில் பாய்கின்றன. மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மிகுந்த அவ்வேகத்தை ஓடி வெல்ல எவராலும் இயலாது. 1902 மே 8 அன்று, கரீபியக் கடலிலுள்ள மார்டினிக் தீவின் பெலே மலை இப்படி வெடித்ததில், அங்கிருந்த செயின்ட் பியர் நகரம் சில நிமிடங்களில் அழிந்து, ஏறத்தாழ 28,000 பேர் மாண்டனர். பிழைத்த மிகச்சிலருள் ஒருவர், தடித்த சுவர்களுடைய சிறையறையில் இருந்த கைதி. ஆகவே இவ்வகை மலையில் அறிவிப்பு வந்தவுடன், வெடிப்புக்குக் காத்திராமல் வெளியேறுவதே ஒரே வழி.

மாக்மா வெளியே வராமலேயே, நிலத்தடி நீர் ஆவியாகி வெடிப்பதும் உண்டு. ஜப்பானின் ஒன்டாகே மலையில் 2014இல் அப்படி நேர்ந்தபோது, மலையேறியவர்களுள் 63 பேர் இறந்தனர் அல்லது காணாமல்போயினர். இதற்கு முன்னறிகுறி மிகக் குறைவாகவே கிடைக்கும் என்பதால், எச்சரிக்கை நிலை தாழ்ந்திருந்தாலும் எரிமலை வாயருகே நெடுநேரம் தங்காதீர்கள்.

வெடிப்பு சிறியது என்று கேட்டு நிம்மதி அடையவும் கூடாது. மலையுச்சியில் பனி இருக்கிறதா, நீங்கள் இருக்குமிடம் அதிலிருந்து இறங்கும் பள்ளத்தாக்கா என்று பாருங்கள். கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் 1985 நவம்பர் 13 இரவு ஓரளவே வெடித்தது. எனினும் உருகிய பனி சாம்பலோடு கலந்து சேற்று வெள்ளமாகி, ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் கழித்து ஆர்மெரோ நகரை மூடியதில், மொத்தம் 23,000 பேர் வரை இறந்தனர். அந்த இரண்டரை மணி நேரம், அருகிலிருந்த மேட்டுக்கு நடந்து ஏறப் போதுமானதாக இருந்தது.