சுருட்டை முடிக்கு ஈரத்தில்தான் வேலை: புதிதாகத் தொடங்குபவர்களுக்கான செய்முறை

சுருட்டை முடி உள்ளவர்களில் பலர் காலையில் எழுந்ததும் காய்ந்த தலையில் சீப்பை விடுகிறார்கள். இருபத்தாறு வயது வரை நானும் அதைத்தான் செய்துவந்தேன். சீவச் சீவ முடி பஞ்சுப் பொதியாகப் பொங்கும். பொங்கியதை அடக்க எண்ணெய் தடவுவேன். அந்த எண்ணெய்த் தலையோடு காங்கேயத்திலிருந்து திருப்பூருக்குப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து போய் இறங்கினால், வழியெல்லாம் கிளம்பிய தூசி என் தலையில் படிந்திருக்கும். “ஏங்கண்ணு, இதென்ன குருவிக்கூடாட்டம்?” என்று அம்மாயி, அதாவது என் அம்மாவின் அம்மா, கேட்பார். அவருடைய தலையும் அதே சுருட்டைதான் என்பதும், அறுபது ஆண்டுகளாக அதை எண்ணெயிட்டு இறுக்கிக் கொண்டையாக முடிந்தே வெளியில் தெரியாமல் வைத்திருந்தார் என்பதும் எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது.

செய்முறைக்குள் போவதற்கு முன் முடியின் இயல்பைச் சற்றுத் தெரிந்துகொள்வது நல்லது. முடியின் வடிவம் தோலுக்கு உள்ளே, மயிர்க்காலில் தீர்மானமாகிறது. சுருள் முடியின் மயிர்க்கால் வளைந்திருக்கும். அதிலிருந்து வளரும் இழையின் குறுக்குவெட்டு வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருக்கும். தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய்ப்பசை நேரான முடியில் எளிதாக நுனி வரை இறங்கிவிடுகிறது, சுருளின் வளைவுகளிலோ பாதி வழியிலேயே தங்கிவிடுகிறது. வேர்ப்பகுதி பிசுபிசுக்கும்போதே நுனி வைக்கோலாகக் கிடப்பதற்கு இதுவே காரணம். இன்னொரு செய்தி இதைவிட முக்கியமானது. முடி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அந்தப் புரதத்தைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் நனைந்ததும் அவிழ்கின்றன. முடி காயும்போது, அந்த நேரத்தில் அது எந்த வடிவில் கிடக்கிறதோ அந்த வடிவிலேயே அவை மறுபடியும் பூட்டிக்கொள்கின்றன. ஆகவே சுருள் அமைவது தலை நனைந்ததற்கும் காய்வதற்கும் இடைப்பட்ட சில மணி நேரத்தில்தான். அதற்குப் பிறகு விடும் சீப்பு அமைந்த சுருளைக் கலைக்கவே செய்யும்.

சங்கப் புலவர்கள் பெண்களின் கூந்தலை அறலுக்கு ஒப்பிட்டார்கள். நீர் வடிந்த ஆற்றின் கருமணலில் படிந்து கிடக்கும் நெளிவரிகளே அறல். நீர் போன போக்கில் மணல் படிகிறது, ஈரம் போன போக்கில் முடி படிகிறது. அந்த உவமையை முதலில் சொன்னவர் நிச்சயம் தலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு சுருட்டை முடிக்காரியைப் பார்த்திருப்பார் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

முதல் படி: தண்ணீரைப் பாருங்கள்

ஷாம்பூவை மாற்றுவதற்கு முன் தண்ணீரைக் கவனியுங்கள். கோவையில் பல வீடுகளில் நல்ல தண்ணீருக்கு ஒரு குழாயும் உப்புத் தண்ணீருக்கு ஒரு குழாயும் தனித்தனியே இருக்கும். சிறுவாணித் தண்ணீரில் தலை குளித்துப் பழகியவர் பல்லடம் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போய், ஆயிரம் அடிக்குக் கீழிருந்து வரும் போர்த் தண்ணீரில் குளிக்கத் தொடங்கியதும் “முடியே மாறிப்போச்சு” என்று சொல்வார். முடி மாறவில்லை, அதன் மேல் கால்சியம், மக்னீசிய உப்புகள் படிந்து அதைச் சொரசொரப்பாக்கிவிட்டன. நேரான முடியும் இதனால் பாதிக்கப்படுகிறது என்றாலும், ஏற்கெனவே வறண்ட சுருள் முடியில் அது உடனே தெரிந்துவிடும்.

உங்கள் தண்ணீர் எப்படிப்பட்டது என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. ஒரு கண்ணாடிப் புட்டியில் பாதி அளவு தண்ணீர் எடுத்து, குளியல் சோப்பைச் சிறிது சீவிப் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். நுரை பொங்கி நின்றால் மென்னீர். நுரை நிற்காமல் வெண்மையான திப்பிகள் மிதந்தால் கடினநீர். வாளியின் விளிம்பில் சுண்ணாம்புபோல் படிந்திருந்தால் இந்தச் சோதனைகூடத் தேவையில்லை.

கடினநீர் உள்ளவர்கள் முழுக் குளியலுக்கும் நல்ல தண்ணீரைச் செலவழிக்க வேண்டியதில்லை. பத்து நாளைக்கு ஒரு முறை குடிநீர் வரும் ஊர்களில் அப்படிச் சொல்வது நியாயமும் ஆகாது. போர்த் தண்ணீரிலேயே குளித்துவிட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் அரைக் குடம் நல்ல தண்ணீரையோ பிடித்து வைத்த மழைநீரையோ பயன்படுத்துங்கள். கடினநீர்ப் படிவை நீக்குவதற்கென்று விற்கப்படும் ஷாம்பூவை மாதம் ஒரு முறை போட்டால் போதும். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுக் குழாயில் வரும் தண்ணீரை வீணாக்கக் கூடாதென்று சிலர் தலைக்கு ஊற்றுகிறார்கள். வடிகட்டப்பட்ட உப்புகள் அனைத்தும் சேர்ந்திருப்பது அதில்தான். அதை வாசல் தெளிக்க வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: எண்ணெய் குளியலுக்கு முன்பு

நம் ஊரில் தலைக்குக் குளித்துக் காய்ந்தபின் எண்ணெய் வைக்கும் பழக்கம் உண்டு. சுருள் முடிக்கு இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். குளிப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்போ முந்தைய இரவோ, தோள் வரை நீளமுள்ள முடிக்கு இரண்டு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து, முடியின் நடுப்பகுதியிலிருந்து நுனி வரை தடவுங்கள். காங்கேயம், வெள்ளக்கோவில் பக்கத்துக் களங்களில் கொப்பரை காய்வதைப் பார்த்து வளர்ந்தவள் என்பதால் ஊர்ப்பற்றில் சொல்வதாக எண்ண வேண்டாம். தேங்காய் எண்ணெயையும் சூரியகாந்தி எண்ணெயையும் கனிம எண்ணெயையும் ஒப்பிட்டு இந்திய ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், முடியின் புரத இழப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதிலுள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியதும் நேரானதும் ஆகையால், அது முடியின் உள்ளே செல்லக்கூடியது என்பதே காரணமாகக் கூறப்பட்டது. எண்ணெய் ஊறிய முடி நனையும்போது அளவுக்கு மீறி உப்புவதில்லை.

பொடுகு இருப்பவர்கள் தலைத்தோலில் எண்ணெயை ஊற வைக்கக் கூடாது. பொடுகோடு தொடர்புடைய பூஞ்சை எண்ணெய்ப்பசையை உண்டுதான் பெருகுகிறது. அரிப்பும் செதிலும் தொடர்ந்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

மூன்றாம் படி: அலசுதல்

வாரம் ஒரு முறை அல்லது இரு முறை தலைக்குக் குளித்தால் போதும். ஷாம்பூவைத் தலைத்தோலில் மட்டும் விரல்நுனியால் தேயுங்கள். நுனிமுடிக்கு, வழிந்து இறங்கும் நுரையே போதுமானது. சல்ஃபேட் (நுரை பொங்கவைத்து எண்ணெய்ப்பசையை உரித்தெடுக்கும் பொருள்) இல்லாத மென்மையான ஷாம்பூ நல்லது. உடம்புச் சோப்பைத் தலைக்குப் போடவே கூடாது, கடினநீரில் அது மெழுகுபோல் முடியில் ஒட்டிக்கொள்ளும்.

அரப்பைப் பற்றி இங்கே சொல்லாமல் விட்டால் எங்கள் ஊர்ச் சந்தைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். உசில் மரத்தின் இலையைக் காய வைத்து இடித்த பொடியே அரப்பு. என் அனுபவத்தில் சீயக்காயைவிட அரப்பு மென்மையானது. எண்ணெய் முழுவதையும் உரித்து எடுத்துவிடுவதில்லை. ஆனால் பொடியை நேராகக் குழைத்துத் தேய்த்தால் அதன் திப்பிகள் சுருளுக்குள் சிக்கிக்கொண்டு இரண்டு நாள் உதிர்ந்துகொண்டே இருக்கும். மூன்று தேக்கரண்டி அரப்பை ஒரு சொம்பு வெதுவெதுப்பான வடிகஞ்சியில் அரை மணி நேரம் ஊற வைத்து, மெல்லிய வேட்டித் துணியில் வடிகட்டி, அந்தக் கொழகொழப்பான சாற்றை மட்டும் பயன்படுத்துங்கள். கண்ணில் பட்டால் எரியும், ஆகையால் தலையைப் பின்னால் சாய்த்து ஊற்றுங்கள்.

நான்காம் படி: சிக்கெடுத்தல்

நனைந்த முடி அதிகம் நீளும், எளிதில் அறுந்தும் போகும். எனவே ஈரத்தில் சீவக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வது நேரான முடிக்குச் சரியான அறிவுரை. காய்ந்த சுருளில் சீப்பை இழுப்பது அதைவிடக் கேடானது என்பதால், நாம் ஈரத்திலேயே, வழுவழுப்பான ஒன்றைத் தடவிக்கொண்டு சிக்கெடுக்கிறோம். அந்த வழுவழுப்புக்குத்தான் கண்டிஷனர். அது கிடைக்காதபோது செம்பருத்தி இலையைக் கசக்கிப் பிழிந்த சாற்றையும் பயன்படுத்தலாம்.

தலையை நான்கு பாகங்களாகப் பிரித்து, கண்டிஷனரைத் தாராளமாகத் தடவுங்கள். முதலில் விரல்களால் பெரிய முடிச்சுகளைப் பிரித்துவிட்டு, பிறகு அகன்ற பற்களுள்ள சீப்பால் நுனியில் தொடங்கிச் சிறிது சிறிதாக மேலேறுங்கள். உச்சியில் தொடங்கி இழுத்தால் எல்லாச் சிக்கும் நுனியில் சேர்ந்து ஒரே முடிச்சாகிவிடும். இந்த வேலைக்கு எனக்குக் கால் மணி நேரம் ஆகிறது. கையில் கொத்தாக முடி வருவதைக் கண்டு அஞ்ச வேண்டாம்: நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு, தினமும் சீவாத சுருள் முடியில், வாரம் முழுவதும் உதிர்ந்தவை சுருளுக்குள்ளேயே தங்கியிருந்து அன்று ஒன்றாக வருகின்றன. சிக்கெடுத்தபின் நல்ல தண்ணீரால் அலசுங்கள். ஆனால் வழுவழுப்பு முற்றிலும் போகும் வரை அலச வேண்டாம்.

ஐந்தாம் படி: சொட்டச் சொட்ட ஜெல்

தொடக்கத்தில் பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். தலையைத் துவட்டி, பாதி காய்ந்த பிறகு ஜெல் போடுகிறார்கள். அதற்குள் பிணைப்புகள் பூட்டிக்கொள்ளத் தொடங்கியிருக்கும், முடியும் பிரிந்து பறக்கத் தொடங்கியிருக்கும். குளியலறையை விட்டு வெளியே வருவதற்கு முன், தண்ணீர் சொட்டும்போதே ஜெல்லைத் தடவ வேண்டும்.

கடை ஜெல்லுக்குப் பணம் செலவழிக்கும் முன் ஆளிவிதையில் செய்து பாருங்கள். இரண்டு மேசைக்கரண்டி ஆளிவிதையை இரண்டு கோப்பைத் தண்ணீரில் இட்டு, மிதமான தீயில் கிளறிக்கொண்டே கொதிக்க விடுங்கள். ஏழெட்டு நிமிடத்தில் முட்டை வெள்ளைக்கருவின் பதம் வரும். கரண்டியிலிருந்து நூலாக இறங்கியதும் அடுப்பை அணைத்துவிட்டுச் சூட்டிலேயே வடிகட்ட வேண்டும். ஆறவிட்டால் விதையிலிருந்து அதைப் பிரித்தெடுக்கவே முடியாது. நான் முதல் முறை ஆறவிட்டு, விதையோடு சேர்த்துக் கொட்டினேன். வடித்த ஜெல்லைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம் வைத்திருக்கலாம், வாடை மாறினால் கொட்டிவிடுங்கள்.

தலையைக் கவிழ்த்து, ஜெல்லை இரு உள்ளங்கைகளிலும் பூசி, முடிக்கற்றைகளுக்கு மேலாக வழித்துவிடுங்கள். பிறகு நுனியை உள்ளங்கையில் ஏந்தி, தலையை நோக்கி மேலே தள்ளிப் பிசையுங்கள். சளக் சளக் என்ற ஓசை கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் ஈரம் போதவில்லை, இன்னும் சிறிது தண்ணீர் சேருங்கள்.

ஆறாம் படி: துவட்டாமல் காய வைத்தல்

டர்க்கி டவலின் கண்ணிகள் சுருளைப் பிடித்து இழுத்துப் பிரித்துவிடும். ஈரோட்டுச் சந்தையில் கிடைக்கும் மெல்லிய ஈரிழைத் துண்டு இதற்கு மிக ஏற்றது. அதைவிடவும் ஏற்றது பழைய பனியன் துணி, திருப்பூரைச் சுற்றி அதற்குப் பஞ்சமே இல்லை. பனியனைக் கட்டிலில் விரித்து, குனிந்து முடியை அதன் நடுவில் கொண்டுவந்து வைத்து, பனியனின் இரு கைகளையும் பிடரியில் கட்டி இருபது நிமிடம் விடுங்கள். பிறகு அவிழ்த்துவிட்டுத் தானாகக் காய விட வேண்டும். அதுவரை கோதக் கூடாது, “காய்ந்துவிட்டதா” என்று தொட்டுப் பார்க்கவும் கூடாது. அவசரமென்றால் டிஃப்யூசர் (காற்றைப் பரவலாக விடும் கிண்ணம் போன்ற முனை) பொருத்திய டிரையரைக் குறைந்த சூட்டில் வைக்கலாம்.

காய்ந்து முடிந்ததும் முடி மொரமொரவென்று விறைத்திருக்கும். பயந்து மறுபடி குளித்துவிடாதீர்கள். ஜெல் ஒரு மெல்லிய ஓடாகப் படிந்து சுருளைக் காத்திருக்கிறது, அவ்வளவே. உள்ளங்கையில் இரண்டு சொட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டு முடியைப் பிசைந்துவிட்டால் ஓடு உடைந்து, உள்ளிருக்கும் சுருள் மென்மையாக வெளிவரும்.

இரவும் காற்றும்

பருத்தித் தலையணை உறை முடியின் ஈரப்பசையை உறிஞ்சி, உராய்ந்து கலைக்கும். கிழிந்த சிறுமுகை மென்பட்டுச் சேலை ஒன்றிருந்தால் அதை உறையாகத் தைத்துக்கொள்ளுங்கள். முடியை உச்சியில் தளர்வாகக் கட்டிக்கொண்டு உறங்குங்கள். மறுநாள் காலையில் தண்ணீர் தெளித்து, கலைந்த கற்றைகளை மட்டும் பிசைந்துவிட்டால் போதும், முழுத் தலையையும் நனைக்க வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று புகுந்து வீசும் ஆனி, ஆடி மாதங்களில் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கத்தில் இரு சக்கர வண்டியில் போகிறவர்கள் தலைக்கவசத்துக்குள் ஒரு மெல்லிய பட்டுத் துணியைக் கட்டிக்கொள்வது உசிதம். இரட்டைச் சடை கட்டாயமான பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்குக் காலையில் சிறிது தண்ணீரும் கண்டிஷனரும் கலந்து தெளித்து, அந்த ஈரத்திலேயே விரலால் பிரித்துப் பின்னிவிட்டால் அழுகை குறையும்.

நேராக்கிய முடியும் கத்தரியும்

நிரந்தரமாக நேராக்கும் சிகிச்சை ஹைட்ரஜன் பிணைப்புகளோடு நிற்பதில்லை. முடியின் உறுதிக்குக் காரணமான கந்தகப் பிணைப்புகளை உடைத்து வேறு வடிவில் சேர்க்கிறது. அப்படி மாற்றிய பகுதி எந்த ஜெல்லுக்கும் பழையபடி சுருளாது. மயிர்க்கால் மாறாததால் புதிதாக முளைப்பது சுருளாகவே முளைக்கும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளர்வதால், 30 செ.மீ. நீளம் முழுவதும் சொந்தச் சுருளாக ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் ஆகும். நேரான நுனியைச் சிறிது சிறிதாக வெட்டிக்கொண்டே வரலாம்.

வெட்டும்போது காய்ந்த முடியில், சுருள் சுருளாகப் பார்த்து வெட்டச் சொல்லுங்கள். நனைந்தபோது முதுகு வரை நீண்டு தொங்கும் சுருள், காய்ந்ததும் தோளுக்கு ஏறிவிடும். நான் முதன்முதலில் போன ஓர் அழகு நிலையத்தில் தலையை நனைத்து, சீவி நேராக இழுத்துப் பிடித்து, நான் கேட்டபடி சரியாக இரண்டு அங்குலம்தான் வெட்டினார்கள். வீட்டுக்கு வந்து காய்ந்தபின் பார்த்தால் முடி காதுக்கு மேலே நின்றது. அம்மாயி நெடுநேரம் பார்த்துவிட்டு, “மொட்டையே போட்டிருக்கலாமே, சாமி, பழனிக்காவது போயிட்டு வந்த மாதிரி இருந்திருக்கும்” என்றார்.