வீட்டு ஆடியோ கருவிகளுக்குச் சர்ஜ் புரொடெக்டர் தேர்ந்தெடுக்கும் முறை

சில ஆண்டுகளுக்கு முன், இடியும் மின்னலுமாகக் கழிந்த ஓர் இரவுக்கு மறுநாள், என் ஏவி ரிசீவர் (டிவி, செட்டாப் பாக்ஸ் போன்றவற்றை இணைத்து ஸ்பீக்கர்களை இயக்கும் கருவி) வழக்கம்போல உயிர்பெற்றது; எஃப்எம் ரேடியோவும் பாடியது. ஆனால் படத்தையும் ஒலியையும் கொண்டுவரும் எச்டிஎம்ஐ இணைப்புகளில் ஒன்றுகூட வேலை செய்யவில்லை. ரிசீவரின் பவர் கார்டு தரமான சர்ஜ் புரொடெக்டர் (மின்னெழுச்சித் தடுப்பான்) ஒன்றில்தான் செருகப்பட்டிருந்தது. அதன் பச்சை விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. கூரையிலிருந்த டிஷ் ஆன்டெனாவின் கேபிள் வழியாகச் செட்டாப் பாக்ஸுக்குள் இறங்கிய மின்னெழுச்சி, அங்கிருந்து எச்டிஎம்ஐ கேபிளைப் பிடித்துக்கொண்டு ரிசீவருக்குள் நுழைந்திருக்கிறது. வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்திருந்தேன் என்பது பிறகுதான் புரிந்தது. பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் ஜூல் எண்ணை (தாங்கும் ஆற்றலின் அளவு) பின்னால் பார்க்கும்படி இந்தப் படிகளை வரிசைப்படுத்தியிருப்பதற்கு அந்த அனுபவமே காரணம்.

படி 1: தொல்லை எதுவென்று தெரிந்துகொள்ளுங்கள்

மின்னெழுச்சி என்பது சில மைக்ரோ நொடிகளே நீடித்து, நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ வோல்ட் எகிறித் தணியும் ஒரு துடிப்பு. மின்னல் மட்டுமே அதற்குக் காரணமன்று. வீட்டிலுள்ள மோட்டார்களும் கம்ப்ரெஸர்களும் நிற்கும்போதும் சிறு எழுச்சிகள் உண்டாகின்றன. சர்ஜ் புரொடெக்டர் இவற்றுக்கு மட்டுமே மருந்து.

மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் கம்பி கழன்றுவிட்டால் 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 400 வோல்ட்டை நெருங்கிய மின்சாரம் நிமிடக்கணக்கில் வந்துகொண்டிருக்கலாம். அந்நிலையில் சர்ஜ் புரொடெக்டர் சூடேறிக் கருகுமே தவிரக் கருவியைக் காப்பாற்றாது. அதற்கு, அழுத்தம் எல்லை மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் ஓவர் வோல்டேஜ் ரிலே தேவை. மெதுவாக ஏறி இறங்கும் அழுத்தத்துக்கு ஸ்டெபிலைஸர், மின்தடைக்கு யுபிஎஸ். மலிவான யுபிஎஸ்களில் பேட்டரியிலிருந்து வரும் மின்சார அலை படிக்கட்டு வடிவில் இருப்பதால், ஆம்ப்ளிஃபையரின் டிரான்ஸ்ஃபார்மர் உறுமக்கூடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: எர்த் இருக்கிறதா என்று பாருங்கள்

பெரும்பாலான சர்ஜ் புரொடெக்டர்களின் இதயம் எம்ஓவி எனப்படும் துத்தநாக ஆக்சைடு வில்லை. இயல்பான அழுத்தத்தில் அது கம்பிகளுக்கிடையே சும்மா அமர்ந்திருக்கும். அழுத்தம் எல்லை கடந்ததும் மின்சாரத்தைத் தன் வழியே நியூட்ரலுக்கோ எர்த்துக்கோ திருப்பிவிடும். திருப்பிவிட எர்த் இல்லையென்றால், ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையிலான பாதுகாப்பு மட்டுமே மிஞ்சும்.

மூன்று ஓட்டைகள் இருப்பதாலேயே அந்தச் சாக்கெட்டில் எர்த் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். எலக்ட்ரீஷியனிடம் மல்டிமீட்டரால் அளந்து காட்டச் சொல்லுங்கள்: ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையில் ஏறக்குறைய முழு அழுத்தமும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் ஓரிரு வோல்ட்டும் காட்ட வேண்டும். ஸ்பீக்கரில் வரும் உறுமலை நிறுத்துவதற்காக எர்த் பின்னை வெட்டிவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. உயிருக்கே ஆபத்தான அந்த வேலையை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்.

படி 3: உள்ளே வரும் கம்பிகளை எண்ணுங்கள்

என்னைப் பொறுத்தவரை இதுவே முதன்மையான படி. ஆனால் பலரும் தாண்டிச் செல்வதும் இதைத்தான். ஒரு தாளில் உங்கள் ஆடியோ கருவிகளை வரைந்து, அவற்றைத் தொடும் ஒவ்வொரு கம்பியையும் கோடாகப் போடுங்கள். பவர் கார்டுகள், டிஷ் அல்லது கேபிள் டிவியின் கோஆக்ஸியல் கேபிள், இணையத்துக்கான லேன் கேபிள், வேறொரு மூலையிலுள்ள சப்வூஃபருக்கு (தாழ்ந்த ஒலிகளுக்கான ஸ்பீக்கர்) ஒலியைக் கொண்டுசெல்லும் ஆர்சிஏ கேபிள் என எதையும் விட்டுவிடக் கூடாது. வீட்டுக்கு வெளியிலிருந்தோ, வேறு சாக்கெட்டில் செருகிய கருவியிலிருந்தோ வரும் ஒவ்வொரு கோடும் மின்னெழுச்சிக்கு ஒரு நுழைவாயில்.

ஒன்றோடொன்று கேபிளால் இணைந்த கருவிகள் எல்லாவற்றையும் ஒரே புரொடெக்டரில் செருகி, கோஆக்ஸியல், லேன் கேபிள்களையும் அதே புரொடெக்டரின் வழியாகக் கொண்டுசெல்ல வேண்டும். அப்போது எழுச்சி வந்தாலும் எல்லாக் கருவிகளின் அழுத்தமும் சேர்ந்தே ஏறிச் சேர்ந்தே இறங்கும்; ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே வேறுபாடு குறைவாக இருப்பதால், நடுவிலுள்ள எச்டிஎம்ஐ போன்ற மெல்லிய சுற்றுகள் பிழைத்துக்கொள்ளும். எர்த் லூப்பால் (கருவிகள் வெவ்வேறு வழிகளில் எர்த்தோடு இணைவதால் உண்டாகும் சுற்று) வரும் உறுமலும் பெரும்பாலும் இதனாலேயே அடங்கும்.

டிஷ் ஆன்டெனா வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் கேபிளில் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிக்னலோடு, ஆன்டெனாவின் தலைப்பகுதிக்கான 13 அல்லது 18 வோல்ட் மின்சாரமும் செல்கிறது. கேபிள் டிவிக்கென்றே செய்த இணைப்பு இதற்குப் பொருந்தாமல் போகலாம். ஆகவே செயற்கைக்கோள் டிவிக்கு உகந்தது என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கம்பியைக் குறைக்க முடிந்தால் அது இன்னும் நல்லது: லேனுக்குப் பதில் வைஃபை, டிவியிலிருந்து வரும் ஒலிக்கு ஆப்டிகல் கேபிள். ஆப்டிகல் கேபிளில் ஒளிதான் செல்கிறது. மின்சாரம் அதில் ஏற வழியில்லை.

படி 4: லேபிளைப் படியுங்கள்

முதலில் இயங்கும் அழுத்தம். 120 வோல்ட் மின்சாரத்துக்காகச் செய்த புரொடெக்டரை 230 வோல்ட்டில் செருகினால், எம்ஓவி உடனே எரிந்துபோகும். வெளிநாட்டிலிருந்து யாரேனும் வாங்கிவந்து கொடுத்திருந்தால் இதைக் கட்டாயம் பாருங்கள்.

அடுத்தது, எழுச்சியின்போது கருவிவரை கடந்துசெல்லும் அழுத்தம். இது குறைவாக இருப்பது நல்லது. 120 வோல்ட் கருவிகளில் யுஎல் 1449 என்ற அமெரிக்கப் பாதுகாப்புத் தரத்தின்படி 330 வோல்ட் என்பது மிகக் குறைந்த மதிப்பீடு. 230 வோல்ட்டில் அந்த எண்ணை எதிர்பார்க்க முடியாது. ஏனென்றால் 230 வோல்ட் மின்சார அலையின் உச்சியே 325 வோல்ட்டைத் தொடுகிறது. அங்கே பயன்படும் 275 வோல்ட் எம்ஓவி எழுச்சியை ஏறத்தாழ 700 வோல்ட் அளவில்தான் அடக்கி நிறுத்தும். 230 வோல்ட் புரொடெக்டர் ஒன்றில் 330 வோல்ட் என்று போட்டிருந்தால், அதை அப்படியே அலமாரியில் வைத்துவிட்டு நகருங்கள்.

மூன்றாவது, பாதுகாப்பு எந்தெந்தக் கம்பிகளுக்கிடையே என்பது. ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். செயலிழந்த மலிவான ஸ்பைக் கார்டு (பல சாக்கெட்டுகள் கொண்ட நீட்டிப்புப் பெட்டி) ஒன்றை ஒருமுறை பிரித்துப் பார்த்தேன். சட்டைப் பொத்தான் அளவில் நீல நிற வில்லை ஒன்றே ஒன்று, ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே பற்றவைக்கப்பட்டிருந்தது. நடுவில் பிளந்து, சுற்றிலும் கரி படிந்திருந்தது. எர்த் பட்டையை அது தொடவே இல்லை. ஆனால் ஸ்விட்சின் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. மின்சாரம் வருவதைக் காட்டும் விளக்கும் பாதுகாப்பு உயிரோடிருப்பதைக் காட்டும் விளக்கும் வேறுவேறு; இரண்டாவது இல்லாததை வாங்காதீர்கள். பாதுகாப்பு தீர்ந்ததும் மின்சாரத்தையே துண்டித்துவிடும் வகை கிடைத்தால் அதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

இப்போது ஜூல் எண்ணுக்கு வரலாம். எம்ஓவி தாங்கக்கூடிய ஆற்றலின் அளவு அது. ஒவ்வோர் அடியும் வில்லையைச் சற்றே தேய்ப்பதால், எண் பெரிதாக இருந்தால் ஆயுள் கூடும். ஆடியோ கருவிகளுக்கு 1000 ஜூலுக்குக் குறையாமல் பாருங்கள். எல்லா வில்லைகளின் ஆற்றலையும் கூட்டி ஒரே எண்ணாகப் போடுவதும் உண்டு என்பதால், அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து இரண்டு கருவிகளை ஒப்பிடாதீர்கள். நானோ நொடியில் செயல்படும் என்ற விளம்பரத்தைப் பொருட்படுத்த வேண்டாம். எந்த எம்ஓவியும் அந்த வேகத்தில் செயல்படும்.

படி 5: சுமையைக் கணக்கிடுங்கள்

கருவிகளின் பின்புறம் உள்ள வாட் எண்களைக் கூட்டுங்கள். 10 ஆம்பியர் புரொடெக்டர் 230 வோல்ட்டில் 2300 வாட் வரை தாங்கும். பெரிய டொராய்டல் (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மர் கொண்ட ஆம்ப்ளிஃபையர் ஆன் ஆகும் கணத்தில் பலமடங்கு மின்னோட்டத்தை இழுக்கும் என்பதால், கொஞ்சம் இடம் விட்டுத் தேர்ந்தெடுங்கள்.

படி 6: மின்பெட்டியிலும் ஒரு காவல் வையுங்கள்

ஐஇசி 61643-11 என்ற சர்வதேசத் தரம் இவ்வகைக் கருவிகளை மூன்றாகப் பிரிக்கிறது. இடிதாங்கி உள்ள கட்டடத்தின் நுழைவில் டைப் 1, டிபி பெட்டியில் (வீட்டின் மின்பெட்டி) டைப் 2, கருவிக்கு அருகில் டைப் 3. சொந்த வீடாக இருந்தால் டைப் 2 ஒன்றை எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துப் பொருத்திவிடுங்கள். பெரிய அடியை அது வாங்கிக்கொள்ளும், மிச்சத்தை மட்டும் உங்கள் புரொடெக்டர் சமாளித்தால் போதும். அதன் இணைப்புக் கம்பிகள் மொத்தமாக அரை மீட்டருக்குள் இருக்குமாறு சொல்லுங்கள். கம்பி நீள நீள, கருவிவரை கடந்துவரும் அழுத்தமும் கூடும்.

படி 7: வாங்கிய பிறகு

ஒரு புரொடெக்டரில் இன்னொன்றைச் செருகாதீர்கள். வாங்கிய மாதத்தையும் ஆண்டையும் அடிப்புறத்தில் எழுதி ஒட்டி, பாதுகாப்பு விளக்கை மாதமொருமுறை பாருங்கள். அது அணைந்திருந்தால் பழுதுபார்க்க முயலாமல் புதிது வாங்குங்கள். அருகில் விழும் மின்னலைத் தாங்குவதாக எந்தக் கருவியையும் நம்ப முடியாது. வானம் கறுத்ததும், இடி தொடங்குவதற்கு முன்பே, பவர் பிளக்கோடு கோஆக்ஸியல் கேபிளையும் லேன் கேபிளையும் கழற்றிவிடுங்கள். மறந்துவிட்டு இடி இடிக்கும்போது நினைவு வந்தால், எதையும் தொடாமல் அப்படியே விட்டுவிடுங்கள்.