ஸ்டோமாவைச் சுற்றித் தோல் எரிகிறதா? முதலில் துளையை அளந்து பாருங்கள்

எங்கள் அப்பச்சிக்குக் குடல் ஆபரேஷன் செய்து இலியோஸ்டமி வைத்தார்கள், அதாவது சிறுகுடலை வயிற்றில் ஒரு துளை வழியாக வெளியே கொண்டுவந்து தைத்தார்கள். வெளியே தெரியும் அந்தக் குடல் வாய்தான் ஸ்டோமா. மலம் அதன் வழியாக, மேலே ஒட்டிய பைக்குள் விழும். காரைக்குடி வீட்டுக்குக் கூட்டி வந்ததிலிருந்து பை மாற்றுவது என் பொறுப்பு. கொஞ்ச நாளிலேயே சுற்றியுள்ள தோல் சிவந்து, தண்ணீர் பட்டாலே எரிய ஆரம்பித்தது. அதை ஆற்றிய முறையைச் சொல்கிறேன். பையைக் காலி செய்வதெல்லாம் நர்ஸ் காட்டியிருப்பார், அதற்குள் போகவில்லை.

ஸ்டோமா சிவப்பாக, ஈரமாகத்தான் இருக்கும். துடைக்கும்போது துளி ரத்தம் வந்தாலும் பயப்பட வேண்டாம். சுற்றியுள்ள தோல் மட்டும் மற்ற வயிற்றுத் தோல் போலவே இருக்க வேண்டும். எரிச்சல் என்றால் முதலில் கசிவைச் சந்தேகப்படுங்கள். சிறுகுடலிலிருந்து வருவதில் செரிமான நொதிகள் உண்டு, அவை தோலை அரித்துவிடும்.

கழற்றுவது: பையைத் தோலில் பிடித்து வைக்கும், நடுவில் துளையுள்ள பசைத் தகட்டைத்தான் பிளேட் என்கிறேன். ஒரு கையால் தோலை அழுத்திக்கொண்டு, அதை மேலிருந்து கீழாக மெதுவாக. வெதுவெதுப்பான தண்ணீர் உதவும். கழற்றிய பிளேட்டைத் தூக்கி எறியும் முன் பின்பக்கத்தைப் பாருங்கள். எந்தப் பக்கம் பசை கரைந்து பழுப்பேறியிருக்கிறதோ, அதற்கு நேரே தோலும் சிவந்திருக்கும். கசிவு அந்த வழியாகத்தான்.

கழுவுவது: வெறும் தண்ணீர் போதும். தேங்காய் எண்ணெய், மஞ்சள், பேபி பவுடர் எதுவும் வேண்டாம், பிளேட் ஒட்டாது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை அப்பச்சி விடமாட்டார்கள். சரி, தலைக்கு மட்டும் என்று பேசி வைத்திருக்கிறோம்.

அளப்பது: எங்களுக்கு எல்லாச் சிக்கலும் இங்கேதான் இருந்தது. ஆபரேஷன் முடிந்த புதிதில் ஸ்டோமா வீங்கியிருக்கும், 6 முதல் 8 வாரத்தில் சுருங்கிவிடும். ஆஸ்பத்திரியில் வெட்டித் தந்த மாதிரி அட்டை மட்டும் பழைய அளவிலேயே இருக்கும். அதன்படி பிளேட்டில் துளை வெட்டினால் ஸ்டோமாவைச் சுற்றி ஒரு வளையம் அளவுக்குத் தோல் மூடாமல் கிடக்கும், மலம் நேராக அதன் மேல் படும். அதனால் முதல் இரண்டு மாதம் வாரம் ஒருமுறை அளந்துவிடுங்கள். ஸ்டோமா வட்டமாக இல்லையென்றால், தெளிவான பிளாஸ்டிக் தாளை மேலே பிடித்து மார்க்கரால் வரையுங்கள். அந்தக் கோட்டுக்கு வெளியே 2 முதல் 3 மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். அதைவிட இறுக்கினால் ஸ்டோமாவில் காயம் படும். நுனி வளைந்த சின்னக் கத்தரிதான் இதற்குச் சரி. வெட்டிய விளிம்பை விரலால் தடவி மழுங்கச் செய்யுங்கள்.

புண்ணுக்கு: தோல் கசிந்து ஈரமாக இருந்தால் மட்டும் ஸ்டோமா பவுடரைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிடுங்கள். மேலே ஆல்கஹால் இல்லாத பாதுகாப்பு ஸ்பிரே அடித்துக் காயவிடுங்கள். இன்னும் ஒருமுறை இதையே செய்யுங்கள். ஆல்கஹால் உள்ளதை வாங்கிவிடாதீர்கள், புண்ணில் பட்டால் துடித்துப்போவார்கள். க்ரீம் தடவினாலும் பிளேட் நழுவும்.

ஒட்டுவது: பிளேட்டை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி ஒட்டி, சில நிமிடம் கையால் அழுத்திப் பிடியுங்கள். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்துவிடுங்கள், கனம் பிளேட்டை இழுக்கும். வேட்டி முடிச்சு பை மேல் விழக்கூடாது. நம் ஊர் சித்திரை வெயிலில் வியர்வையால் பசை சீக்கிரம் விடும், அப்போது வழக்கத்தைவிட முன்னதாகவே மாற்றுங்கள்.

அரிப்போடு சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் பரவினால் பூஞ்சையாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டிப் பூஞ்சைக்கான பவுடர் வாங்குங்கள். சிவப்பு அச்சு அசலாகப் பிளேட் வடிவத்திலேயே இருந்தால் ஒவ்வாமையாக இருக்கலாம், வேறு பிராண்டைப் பாருங்கள். ஸ்டோமா கறுத்தாலோ, ரத்தம் நிற்காவிட்டாலோ, வயிற்று வலியோடு எதுவும் வெளியேறாவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

பின்சேர்க்கை: அளவு சரியாக இருந்தும் உட்கார்ந்தால் கசிகிறது என்று தேவகோட்டையிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். படுக்க வைத்துப் பார்த்தால் வயிறு சமமாகத்தான் தெரியும், உட்கார வைத்துப் பாருங்கள். மடிப்பு விழுந்தால் அந்தப் பள்ளத்தில் ஸ்டோமா ரிங்கை (களிமண் போல வளையும், ஒட்டும் வளையம்) பிய்த்து நிரப்பிவிட்டு, அதன் மேல் பிளேட்டை ஒட்டுங்கள்.