இங்கிலாந்துல இருக்குற நார்த் ஷ்ரோப்ஷையர் மாதிரி நாடாளுமன்றத் தொகுதியோட வரலாற எப்படி தேடுறது?

முதல்ல பேர நம்பாதீங்க, எல்லைய பாருங்க. நார்த் ஷ்ரோப்ஷையர் 1832ல வந்து 1885ல காணாம போய் 1983ல திரும்ப வந்த தொகுதி, நடுவுல அந்தப் பக்கம் ஆஸ்வெஸ்ட்ரினு வேற தொகுதி இருந்துச்சு, அதனால கன்சர்வேட்டிவ் கட்சி எம்.பி. ஜான் பிஃபன் ஜெயிச்சத தேடுறவங்க 1983க்கு முன்னாடி அங்கதான் தேடணும். அப்புறம் மேப்ப திறந்து வார்டு வார்டா டிக் பண்ணுங்க, ஆஸ்வெஸ்ட்ரி, எல்ஸ்மியர், வெம், விட்சர்ச்னு. 2023 எல்லை மறுசீரமைப்புல ஒரு தொகுதிக்கு 69,724ல இருந்து 77,062 வோட்டர் வரைக்கும் தான், சில தீவு தொகுதிக்கு மட்டும் விலக்கு.

அடுத்து ஓட்டு வித்தியாசம். 2019ல கன்சர்வேட்டிவ் 22,949ல ஜெயிச்ச இடம், ரெண்டே வருஷத்துல இடைத்தேர்தல்ல லிபரல் டெமாக்ராட் ஹெலன் மோர்கன் 5,925ல தட்டி தூக்கிட்டாங்க! இடைத்தேர்தல் ரிசல்ட்ட பொதுத்தேர்தலோட கலக்காம தனி வரிசையா போடுங்க, இல்லனா குழப்பம்தான்.