பழைய மோட்டார்ஹோமுக்குத் தரை: பலகை வேண்டாம், ஒரே ஷீட் போதும்

பழைய மோட்டார்ஹோமில் (படுக்கை, சமையலறையோடு ஓடும் வீட்டு வண்டியில்) தரையை மாற்றும்போது, ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் எஸ்.பி.சி. (கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த) பலகைகளுக்குப் பதிலாக 2 மி.மீ. வினைல் ஷீட்டை ஒரே துண்டாக வாங்குங்கள். கிழித்தெடுத்த பழைய கார்பெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதுதான் உங்கள் அளவு. புது ஷீட்டைக் குப்புற விரித்து, அதன்மேல் கார்பெட்டையும் குப்புறப் போட்டு, சுற்றிலும் 3 செ.மீ. கூடுதலாக விட்டு வெட்டினால் சக்கர மேடு, சமையல் மேடை வளைவு எல்லாம் சரியாக வந்துவிடும்.

முதல் காரணம் எடை. 5 மி.மீ. எஸ்.பி.சி. சதுர மீட்டருக்குச் சுமார் 10 கிலோ. 12 சதுர மீட்டருக்கு 120 கிலோ, அதாவது இரண்டு ஆள் எப்போதும் வண்டியில் நிற்பது மாதிரி. வினைல் அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. அப்புறம், ஓடும்போது வண்டியின் உடல் முறுக்கிக்கொடுக்கும், நிறுத்தி வைத்தால் வெயிலில் கொதிக்கும். இணைப்பே இல்லாத தரையில் விரிசல் விட இடமில்லை, கொட்டிய தண்ணீரும் கீழே இறங்காது. குளிர்காலமென்றால் ஷீட்டை ஒரு நாள் சூடான அறையில் வைத்துவிட்டு விரியுங்கள். விறைத்த வினைல் மடித்த இடத்தில் வெடிக்கும்.

வெளியே நீளும் ஸ்லைடு-அவுட் அறையின் உருளைகள் தரைமேல் ஓடும் வண்டிக்கு இது ஒத்துவராது. மெல்லிய வினைலை அவை கிழித்துவிடும். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் பிளைவுட் பொதபொதவென்று உள்ளே வாங்குகிறதா? அப்போது பிளைவுட்டை மாற்றாமல் எதை விரித்தாலும் வீண்.