ஈஸ்ட் எடுத்து வைக்கும் சர்க்கரையைக் கண்ணால் பார்க்கலாம்

சர்க்கரை கிடைத்தால் ஈஸ்ட் நுரைத்துப் பொங்கும். ஆனால் கிடைத்ததை எல்லாம் அது அப்போதே செலவழித்துவிடுவதில்லை. சர்க்கரை தீர்வதற்கு முன்பே ஒரு பங்கை எடுத்துக் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரைச் சங்கிலியாகத் தனக்குள் சேர்த்து வைக்கிறது. ஒரு செல் உயிரி இவ்வளவு முன்யோசனையோடு நடந்துகொள்வது எனக்கு இன்றும் வியப்புதான்.

தேவையானவை: டிரை ஈஸ்ட், சர்க்கரை, இரண்டு டம்ளர், வெள்ளைப் பீங்கான் தட்டு, மாவுச்சத்துச் சோதனைக்குப் பள்ளி ஆய்வகங்களில் வைத்திருக்கும் அயோடின் கரைசல். அயோடின் துணியில் பட்டால் கறை போகாது. வாயில் படவே கூடாது.

1. 40 டிகிரி சூடுள்ள 100 மில்லி நீரில் கால் டீஸ்பூன் ஈஸ்டைத் தூவிப் பத்து நிமிடம் விடுங்கள். அப்புறம் ஒரு டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்து, டம்ளரைத் தட்டால் லேசாக மூடுங்கள். இறுக்கி மூடினால் வாயு வெளியேற வழியிருக்காது.

2. குமிழிகள் குறையத் தொடங்கும்வரை காத்திருங்கள். வெறும் சர்க்கரை நீரில் நைட்ரஜன் சத்து இல்லை. அதனால் ஈஸ்ட் பெரிதாகப் பெருக முடியாது. வரும் சர்க்கரையில் நிறைய சேமிப்புக்குப் போகும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

3. மேல்நீரை மெல்ல வடித்துவிட்டு, அடியில் படிந்த குழம்பில் ஒரு சொட்டைத் தட்டில் விடுங்கள். பக்கத்திலேயே ஒரு சொட்டு அயோடினை வைத்து இரண்டையும் தீக்குச்சியால் கலக்குங்கள். மஞ்சள் மெல்ல அடர்ந்து செம்பழுப்பாகும். அதுதான் கிளைக்கோஜன்.

நீலப் புள்ளிகள் தெரிந்தால் எங்கோ மாவு கலந்திருக்கிறது. மாவுச்சத்தும் கிளைக்கோஜனும் குளுக்கோஸ் சங்கிலிகளே. மாவுச்சத்தின் நீண்ட சுருளுக்குள் அயோடின் புகுந்து நீலம் தருகிறது. கிளைக்கோஜன் அடிக்கடி கிளை பிரிவதால் நீளச் சுருள் அமைவதில்லை, நிறம் பழுப்போடு நின்றுவிடுகிறது.

4. மீதிக் குழம்பை வெறும் நீரில் போட்டு மூன்று நாள் பட்டினி வையுங்கள். பிறகு அதே சோதனையைச் செய்யுங்கள். இப்போது நிறம் வெளிறியிருக்கும். வைத்திருந்ததை எடுத்துத் தின்றுவிட்டது!

இன்னொரு சேமிப்பும் உண்டு: இரண்டு குளுக்கோஸ் ஒட்டிய டிரெஹலோஸ். இது அயோடினில் தெரியாது. ஆனால் பாக்கெட்டுக்குள் காய்ந்து கிடக்கும் ஈஸ்டின் உயிரைப் பிடித்து வைத்திருப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. நீர் போன இடத்தில் இது நின்று செல்லின் சவ்வைக் காக்கிறது. மறுபடி ஈரமும் சர்க்கரையும் கிடைத்தால், டிரெஹலேஸ் என்ற நொதி இதைக் குளுக்கோஸாக உடைத்துவிடும்.

முதல் படியில் வெதுவெதுப்பான நீர் என்று சொன்னதும் இந்தச் சவ்வுக்காகத்தான். காய்ந்த சவ்வு குளிர்ந்த நீரில் சரியாகச் சேராமல், செல்லுக்குள் இருப்பது வெளியே கசிந்துவிடும்.